மாமனார் கதவைத் தட்டலாமா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, மார்கழி பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் நடந்தது இது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் ஆசிரமத்தையெல்லாம் தாண்டிப் போனால், கடைகள் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் வீடு. கிரிவலப் பாதையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். இப்படி ஒரு இடத்தில் வீடு கட்டியவனுக்குச் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே வராது. மற்ற மாதங்களில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவார்கள். கார்த்திகை, மார்கழி என்றால் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து என் மாமனார் வீடே கிளம்பி வந்துவிடும்.

வரட்டும், நல்ல மனுஷர்கள்தான். எனக்குப் பிரச்சினை வெந்நீர்.

ராத்திரியெல்லாம் மலையைச் சுற்றிவிட்டு விடியற்காலையில் வருகிறவர்களுக்குக் கால் கெஞ்சும். முதலில் கல் உப்பு போட்ட வெந்நீரில் கால் வைப்பார்கள். பிறகு ஆளுக்கு ஒரு குளியல். இதற்காகவே, கரண்ட் செலவு ஜாஸ்தி ஆகும் என்று பயந்து, கேஸில் ஓடும் கீசர் ஒன்றை வாங்கி பாத்ரூம் சுவரில் மாட்டியிருந்தேன். அடுப்புக்கு ஒரு சிலிண்டர், கீசருக்கு ஒரு சிலிண்டர். கேஸ்தான் சிக்கனம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். வெயில் காலத்தில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. குளிர் ஆரம்பித்ததும் கீசர் சிலிண்டர் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

இந்த இடத்தில் என் வேலையைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். பஸ்ஸில் ஏறி முகத்தைப் பார்த்தாலே யாரிடம் டிக்கெட் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. இருபது வருடம் அந்த வேலை பார்த்தால் வீட்டுக்கு வந்த பிறகும் கண் அப்படியேதான் பார்க்கும். கேஸ் சீக்கிரம் தீர்கிறதென்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்று முடிவு கட்டினேன். ஒன்று, சிலிண்டர் போடுகிறவர் எடை குறைவாகக் கொண்டு வருகிறார். இரண்டு, குளிக்கிறவர்கள் உள்ளே தூங்குகிறார்கள்.

இரண்டாவதற்கு என்னிடம் மருந்து இருந்தது. யார் குளிக்கப் போனாலும் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஐந்து நிமிஷம் தாண்டினால் கதவைத் தட்டுவேன். என் பெண், மச்சான், மச்சான் மனைவி, யாரையும் விட்டதில்லை. "இதோ வந்துட்டேன் மாமா"னு உள்ளேயிருந்து குரல் வரும். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தப் பௌர்ணமியன்று பகலில் எனக்கு ஒரு புது யோசனை வந்தது. பாத்ரூமின் மேல் ஜன்னல் வழியாக மலைக்காற்று ஜில்லென்று உள்ளே வருகிறது. அதனால்தான் ஊற்றிய தண்ணீர் உடனே ஆறிப்போய், எல்லோரும் இன்னும் இன்னும் என்று வெந்நீர் பிடிக்கிறார்கள். காற்றை நிறுத்திவிட்டால் பாதி கேஸ் மிச்சம். டி.வி. வந்த அட்டைப்பெட்டியிலிருந்து தெர்மாகோலை எடுத்து, ஜன்னல் அளவுக்கு வெட்டி, சுற்றிலும் டேப் போட்டு ஒட்டினேன். கதவுக்கு அடியிலும் சந்து இருந்ததால் வெளிப்பக்கம் ஒரு பழைய சாக்கை மடித்துச் செருகினேன். வேலை முடிந்ததும் இரண்டு முறை உள்ளே போய் நின்று பார்த்தேன். கதகதவென்று இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

மறுநாள் விடிந்ததும் கூட்டம் வந்து சேர்ந்தது. அடுப்பு சிலிண்டர் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்ததால் என் மனைவி ஒற்றைக் கரண்ட் அடுப்பில் ஒன்பது பேருக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். "கீசர் சிலிண்டரக் கழட்டி அடுப்புக்குப் போடுங்க, எல்லாரும் பச்சத் தண்ணியில குளிக்கட்டும்" என்றாள். அவள் அப்பாவே பச்சைத் தண்ணீரில் குளித்தால் ஊரில் என் பெயர் என்ன ஆகும்? நான் சம்மதிக்கவில்லை.

ஒவ்வொருவராகக் குளித்தார்கள். நானும் ஒவ்வொருவராகத் தட்டினேன். வெளியே வந்த சின்ன மச்சான், "இன்னா மாமா, உள்ள அடுப்பாங்கரை மாரி இருக்குது, லேசா தல வலிக்குது" என்றார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்று நான் வைத்தியர் மாதிரி பதில் சொன்னேன்.

கடைசியாக மாமனார் போனார். எழுபது வயதிலும் நெல்லும் வேர்க்கடலையும் தானே நின்று பயிர் வைக்கிறவர். வெந்நீர் என்றால் அவருக்கு உயிர். உள்ளே போய்த் தாழ் போட்டதும் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம் ஆனது. என் கை கதவு வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. மச்சானைத் தட்டலாம், மாமனார் குளிக்கும்போது மாப்பிள்ளை போய்க் கதவைத் தட்டுவானா? கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரில் நான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. பத்து நிமிஷம் ஆனது. குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. எனக்குள்ளே கேஸ் எரிகிற மாதிரி வயிறு எரிந்தது. ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

சரியாக அந்த நேரம்தான் சிலிண்டர்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். பௌர்ணமிக் கூட்டத்துக்காக வண்டிகளை மறித்திருந்ததால் டெம்போவை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு, சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். அந்தக் குளிரிலும் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

"எடை போட்டுக் காட்டுங்க" என்றேன். குரலில் என் பஸ் உத்தியோகம் அப்படியே இருந்தது. "மூணு வாரம்கூட வர்றதில்ல. எங்கயோ கம்மியாவுது."

அவர் கோபப்படவில்லை. "போட்டுடலாம் சார்"னு சொல்லிவிட்டு, இடுப்புப் பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்தார். அதை சிலிண்டரில் மாட்டி, தூக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"உள்ள யாரு சார் குளிக்கறது?"

"எங்க மாமனார்."

"எவ்ளோ நேரமா?"

அந்தக் கேள்விக்கு என்னைவிடச் சரியாகப் பதில் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் கிடையாது. "பதினெட்டு நிமிஷம்" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

"தண்ணி ஒரே மாரி விழுது சார். மொண்டு ஊத்துற சத்தமே இல்லியே" என்றார்.

எனக்கும் அதே சத்தம்தான் இவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் எனக்குக் கேஸ் வீணாவது மட்டும்தான் கேட்டது. நான் புரிந்துகொள்வதற்குள் அவர் தராசைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். கதவடியில் இருந்த சாக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பெரியவரே, பெரியவரே என்று கதவைத் தட்டினார். பதில் இல்லை. "கீசர் சிலிண்டர ஆஃப் பண்ணுங்க, ஜன்னல் கதவெல்லாம் தொறங்க" என்று கத்திக்கொண்டே தோளால் இடித்தார். தினமும் சிலிண்டர் சுமக்கிற தோள். பிளாஸ்டிக் கதவு இரண்டாவது இடியில் தாழோடு பிய்ந்து வந்தது.

மாமனார் முக்காலியில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். இடுப்பில் துண்டு, மார்பில் காயாத சோப்பு நுரை. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டும் கண் திறக்கவில்லை. சிலிண்டர்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், அவரை அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி, வாசலுக்குக் கொண்டு வந்து வேப்பமரத்தடியில் படுக்க வைத்தார். சுற்றி நின்ற எங்களையெல்லாம் விலகச் சொன்னார். என் மனைவி அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒரு மனிதரை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சில நிமிஷம் கழித்து மாமனாரின் நெஞ்சு பெரிதாக ஏறி இறங்கியது. இருமினார். அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

ஆட்டோவில் ஏற்றும்போது சிலிண்டர்காரர் என் கையைப் பிடித்து, "மொதல்ல அந்த தெர்மாகோல எடுத்துடுங்க சார். கீசர வெளிய மாட்டுங்க. போன வருசம் வேற ஒரு ஊட்ல இப்டித்தான்..." என்று ஆரம்பித்தார். முடிக்காமலே ஆட்டோவைக் கிளப்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். கேஸ் எரியக் காற்று வேண்டும், காற்று போதவில்லை என்றால் நிறமும் வாசனையும் இல்லாத ஒரு விஷப்புகை வரும், ஆள் தூங்குகிற மாதிரியே போய்விடுவார் என்றார். மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். அவர்கள் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள் என்று திருப்பிக் கேட்டார். ஐந்து நிமிஷம் என்றேன். அதனால்தான் பிழைத்தார்கள் என்றார். என் மனைவி அழுகைக்கு நடுவில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் கஞ்சத்தனம் எட்டுப் பேரைக் காப்பாற்றியிருக்கிறது, என் மரியாதைதான் ஒருவரைக் கொல்லப் பார்த்திருக்கிறது.

மத்தியானம் மாமனார் தெளிவாகக் கண் திறந்தார். கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றோம். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் தன் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, பாதி சோப்பு அப்டியே காஞ்சிப் போய் கெடக்குது. ஊட்டுக்குப் போனதும் தண்ணி போட்டு வையுங்க, மீதியக் குளிக்கணும்" என்றார். அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தோம். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். நான் மட்டும் சிரித்துக்கொண்டே அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் பெண்ணிடம் சிலிண்டர்காரர் எப்போது போனார் என்று கேட்டேன். நாங்கள் ஆட்டோவில் போன பிறகும் அவர் கொஞ்ச நேரம் இருந்தாராம். உடைந்த கதவை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார். தெர்மாகோலைப் பிய்த்துப் போட்டிருக்கிறார். புது சிலிண்டரை அடுப்புக்கு மாட்டி, தீக்குச்சி கிழித்துப் பார்த்திருக்கிறார். மாட்டுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, கொக்கித் தராசில் சிலிண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார்.

"அப்பா கேட்டாரும்மா, பாக்க முடியாம போயிட்டாரு. நீயாவது முள்ளப் பாத்து சொல்லிடு"னு சொன்னாராம். எடை சரியாக இருந்தது என்றாள்.

மறுநாள் அவரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று என்னென்னவோ உளறினேன். பெரியவர் சாப்பிட்டாரா என்று மட்டும் அவர் விசாரித்துவிட்டு அடுத்த சிலிண்டரைத் தூக்கினார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு அவர்தான் வருகிறார். வந்ததும் முதலில் மோர், பிறகுதான் சிலிண்டர். வேண்டாம் வேண்டாம் என்று நான் எவ்வளவு சொன்னாலும் தராசை எடுத்து எடை காட்டாமல் போவதில்லை. அதில் கொஞ்சம் கிண்டலும் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். இருக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

கீசர் இப்போது வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் சுவரில் இருக்கிறது. குழாய் மட்டும் உள்ளே வருகிறது. பாத்ரூம் ஜன்னலில் மலைக்காற்று ஜில்லென்று வருகிறது, கேஸ் முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறது. பௌர்ணமிக்குக் கூட்டமும் குறையவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கதவைத் தட்டும் வழக்கத்தையும் நான் விடவில்லை. ஒரே ஒரு மாற்றம், மாமனாரையும் தட்டுகிறேன். "இருக்கேன் மாப்ள, இருக்கேன்"னு உள்ளேயிருந்து சத்தம் போடுவார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல் வரும்வரை எனக்கு நெஞ்சு அடங்காது, வந்த பிறகு அவர் எவ்வளவு நேரம் கேஸை எரித்தாலும் எனக்குக் கவலையில்லை.