ரிம்மில் பட்ட எண்ணெய்

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது சந்திரனின் மனைவி கமலா போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே." மாரடைப்பு. பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் பதினாறு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவன். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம் வந்தது. அவனிடம் சொல்லவேண்டிய ஒன்று பாக்கி இருந்தது.

ஞாயிறுகளில் கிள்ளானுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்து மண்பாதைகளில் எங்களோடு சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அவன் போட்ட சட்டம் நினைவிருக்கும். அவனவன் சைக்கிளை அவனவன் கழுவக் கூடாது, மாற்றிக்கொள்ள வேண்டும். "நம்ம சைக்கிள் அழுக்கு நம்ம கண்ணுக்குத் தெரியாதுலா" என்பான். சக்கரத்தின் நடுவில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் கத்துவான். சேறு ஊறிய பிறகே தேய்க்கவேண்டும், செயினைத் துடைத்துக் காயவிட்டுத்தான் எண்ணெய், அதுவும் சொட்டுச் சொட்டாக. பிரேக் கட்டை பிடிக்கும் ரிம்மில் மட்டும் படவே கூடாது. கழுவி முடித்ததும் தன் சைக்கிளை அங்குலம் அங்குலமாகச் சரிபார்ப்பான்; மருமகள் கழுவிய பாத்திரத்தை எந்த மாமியாரும் அப்படிப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டாள்.

ஒரு ஞாயிறு என் வீட்டுக்கு விருந்தாளிகள் வரவிருந்தார்கள். அவன் சைக்கிளை அவசரமாகக் கழுவி, ஈரச் செயினில் எண்ணெயைப் பீய்ச்சினேன். பின்சக்கர ரிம்மில் தெறித்தது. பார்த்தேன். துடைக்கவில்லை. அன்று அவனும் சரிபார்க்கவில்லை, என்னை நம்பிவிட்டான்.

அடுத்த வாரம் தோட்டத்து இறக்கத்தில் பின் பிரேக் பிடிக்காமல் கால்வாயில் விழுந்தான். முழங்கால் உடைந்தது. மருத்துவமனையில், "எப்படிடா விழுந்தே?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

"மழைலா. வழுக்கிருச்சு."

"ஆமாடா, மழைதான்" என்றேன்.

அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. அவன் சைக்கிள் ஓட்டவும் இல்லை. ஆனாலும் ஒன்பது வருடம், ஞாயிறுதோறும் காரில் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, என் சைக்கிளைக் கழுவித் தந்தான். எதிரே நான் உட்கார்ந்திருப்பேன். வானிலை பேசுவோம், மேலாளரைத் திட்டுவோம்.

காரியம் முடிந்த அன்று கமலா என்னைத் தனியே அழைத்தார்.

"அவரு விழுந்த மறுநாள் பின்சக்கரத்தைத் துடைச்சேன்ணே. துணியெல்லாம் எண்ணெய். அவருகிட்ட சொன்னேன். 'தெரியும், நீ கேட்டுறாத. அவனே ஒருநாள் சொல்லுவான்'னாரு. சொன்னீங்களாண்ணே?"

"இல்லம்மா" என்றேன்.

அவன் எனக்குக் கொடுத்த ஒன்பது வருட அவகாசம் அப்படியே என்னிடம் இருக்கிறது. கேட்டுக்கொள்ள அவன் இல்லை.