உட்காராமல் வந்த பதினெட்டு கிரெடிட்

வாளியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் மாவை உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டி உதிர்த்துவிட்டு, நகக்கண்ணில் ஏறிய மிச்சத்தைத் தீக்குச்சியால் நோண்டிக்கொண்டே "பதினாலு ஐம்பது" என்கிறார் பட்டாளத்தார். யாரும் அவரிடம் மணி கேட்கவில்லை. எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டு அறை உதவியாளர் அவர். பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு அவருடைய வேலை நேரம் முடிகிறது. இரண்டு ஐம்பது என்று சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று ஒருமுறை கேட்டேன். "ராத்திரியா பகலான்னு இன்னொரு கேள்வி கேட்பீங்க. எதுக்குண்ணே வம்பு?" என்றார்.

நான் அதே மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு நடைவழிதான். பன்னிரண்டு ஆண்டுப் பட்டாள வாழ்க்கை ஒரு மனிதரிடம் விட்டுவைத்திருக்கும் மிச்சங்களையெல்லாம் நாள்தோறும் பார்க்கும் பாக்கியம் எனக்கு. சாப்பாட்டை நான்கே நிமிடத்தில் முடிக்கிறார். சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருகிறார். காலணிக் கயிற்றின் நுனியை உள்ளே செருகிக்கொள்கிறார். அலமாரியில் கட்டுத்துணிச் சுருள்களை அடுக்கினால், எல்லாச் சுருளின் வாலும் இடது பக்கம்தான் பார்க்க வேண்டும். ஒருநாள் ஒன்றே ஒன்றை மட்டும் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் என் மேசையிலிருந்த ரப்பர் முத்திரைகள் அத்தனையும் தலைகீழாக நின்றன. அதைப் பற்றி மனிதர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதையெல்லாம் ரசித்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இருவரும் மாலைக் கல்லூரியில் மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறோம். பாடத்துக்கு இத்தனை கிரெடிட் என்று உண்டு. வகுப்பில் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, தேர்வெழுதித் தேறினால் அது நம் பெயரில் ஏறும். ஐந்து ஆண்டுகள் பெஞ்சைத் தேய்த்து எண்பத்தொன்று சேர்த்து வைத்திருக்கிறேன். அவர் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர், அறுபத்தாறில் இருந்தார். புறநோயாளிப் பிரிவின் மேற்பார்வையாளர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார் என்று சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களில் அதற்குள் தொண்ணூறு கிரெடிட்டைத் தொடுகிறவருக்கு அந்த நாற்காலி. யாரும் தொடாவிட்டால், அடுத்த தேர்வு முடிவு வரும்வரை நாற்காலி காத்திருக்கும். எனக்கு வேண்டிய ஒன்பதும் அந்தத் தேர்வில் வந்துவிடும். ஆகவே நாற்காலி என்னுடையதுதான் என்று நானும் என் வீட்டுக்காரியும் முடிவே செய்துவிட்டோம். மேற்பார்வையாளர் அறை சன்னலுக்கு என்ன நிறத்தில் திரை என்பதுவரை பேசியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரி ஓர் அறிவிப்பை ஒட்டியது. படையில் இருந்தவர்கள் அங்கே பெற்ற பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் சான்று காட்டினால், அதற்குப் பொருத்தமான பாடங்களுக்கு வகுப்புக்கு வராமலே கிரெடிட் தருவார்களாம்.

மறுநாளே பட்டாளத்தார் ஒரு கோப்போடு என் மேசைக்கு வந்தார். "அண்ணே, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். இந்தப் படிவத்த நீங்கதான் நிரப்பித் தரணும்." கையெழுத்தைப் புகழ்ந்துவிட்டால் நான் உருகிவிடுவேன் என்பது ஊரறிந்த விஷயம். என் தலையில் நானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்ளப் பேனாவைத் திறந்தேன்.

ஒவ்வொரு பயிற்சியிலும் என்ன கற்றீர்கள் என்று படிவம் கேட்டது. வரைபடம் படிக்கும் பயிற்சிக்கு அவர் சொன்ன பதில்: "தப்பான பக்கம் போனா சுட்டுருவாங்கண்ணே. அதனால ஒழுங்காப் படிச்சேன்." நான் அதை நிலவரைபடங்களைப் பகுத்தாயும் திறன் என்று எழுதினேன். புவியியலில் மூன்று கிரெடிட். விடியற்காலையில் மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடியதற்கு உடற்கல்வியில் மூன்று. மருந்துக் கிடங்குச் சாவியை வைத்திருந்ததற்குச் சரக்கு மேலாண்மையில் ஆறு. இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். மனிதவள மேலாண்மையில் நான் ஒருமுறை தோற்று, மறுமுறை குட்டிக்கரணம் போட்டுத் தேறியவன். அதற்கு இவர் சொன்னதைக் கேளுங்கள்: "ஒரு கூடாரத்துல எட்டுப் பேரு. ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது. ஒரு வருசம் அடிச்சுக்காம பார்த்துக்கிட்டேன். அதுக்கெல்லாம் ஏதாவது பேரு இருக்காண்ணே?"

இருக்கிறது என்று நானே எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஆறு.

பத்து நாளில் பதில் வந்தது. மொத்தம் பதினெட்டு. அறுபத்தாறு ஒரே காகிதத்தில் எண்பத்துநான்காகிவிட்டது. மனிதர் கடிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கட்டுக்கு மாவு கரைக்கப் போய்விட்டார். துள்ளிக் குதித்திருந்தாலாவது வாய்விட்டுத் திட்டியிருப்பேன்.

வீட்டில் சொன்னேன். "ஏங்க, அந்த மனுசன் ஓடினதுக்குக்கூட மார்க்காமா? நீங்களும்தான் தினம் பஸ்ஸப் பிடிக்க ஓடறீங்க" என்றாள் வீட்டுக்காரி. ஆறுதல் சொல்கிறாளா, குத்திக்காட்டுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு நாகரிகமாக வேறு பெயர் வைக்கப் பார்த்தேன். நியாய உணர்வு, சமத்துவம் என்றெல்லாம் யோசித்தேன். பச்சைப் பொறாமைதான்.

இன்னும் ஆறு பாக்கி இருந்தது, அவசரச் சிகிச்சைப் பாடத்துக்கு. பட்டாளத்தில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. ஆனால் அதற்குக் காகிதம் மட்டும் போதாது, நேரில் செய்துகாட்ட வேண்டும் என்றது கல்லூரி. அது கிடைத்துவிட்டால் தொண்ணூறு, நாற்காலி அவருக்கு. அந்தப் பாடத்துக்கான கட்டத்தில், பயிற்சியை எங்கே பயன்படுத்தினீர்கள் என்ற கேள்விக்கு "பதினோரு பேருக்குக் கட்டுப் போட்டேன்னு எழுதுங்க" என்றிருந்தார்.

"எல்லாரும் பிழைச்சாங்களா?" என்று நான் கேட்டேன்.

"கட்டுப் போட்டேன்னு எழுதுங்கண்ணே."

செய்துகாட்டும் தேர்வுக்கு, நோயாளியாகப் படுக்க ஓர் ஆளையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். மறுபடியும் என் மேசை முன்னால் வந்து நின்றார். "நீங்க வாங்கண்ணே. அசையாமக் கிடக்கறதுல உங்கள மிஞ்ச ஆள் கிடையாது." இதுவும் ஒரு புகழ்ச்சிதான் என்று எடுத்துக்கொண்டேன். ஒளிப்பானேன், அவர் கை நடுங்குவதைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

சனிக்கிழமை காலை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் ஒரு பாயை விரித்திருந்தார்கள். தேர்வு நடத்த வந்த பேராசிரியை மடியில் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு, கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது, கட்ட வேண்டும், பத்து நிமிடம் தாண்டினால் மதிப்பெண் இல்லை. அவ்வளவுதான் விதி.

பட்டாளத்தார் மண்டியிட்டார். "அண்ணே, நான் இங்கதான் இருக்கேன்" என்று என் காதருகே சொன்னார். எதிரில்தானே இருக்கிறார், இதைச் சொல்வானேன் என்று தோன்றியது. ஆனாலும் அந்தக் குரலை மாவுக்கட்டு அறையில் நான் கேட்டதில்லை. என் காலணியைக் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓர் ஓட்டை. பேராசிரியை பார்ப்பதற்குள் அதை உருவிச் சுருட்டிக் காலணிக்குள் போட்டுவிட்டார். அந்த மரியாதைகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த ஆளுக்கு எதில்தான் குறை?

கை நடுங்கவேயில்லை. காலுக்கு அணை கொடுக்கும் பலகை இரண்டையும் அளந்து வைத்தார், கணுக்கால் எலும்புக்குப் பஞ்சு கொடுத்தார், ஒவ்வொரு முடிச்சையும் பலகையின் வெளிப்பக்கம் வரும்படி போட்டார். ஆறரை நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. எங்கள் வீட்டு மெத்தையில்கூட என் கால் இவ்வளவு சுகமாகக் கிடந்ததில்லை. பேராசிரியை பேனாவை எடுத்தபடி, ஒரு சம்பிரதாயத்துக்கு என்னைக் கேட்டார். "உங்களுக்கு ஏதாவது தொந்தரவா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"விரலு மரத்துப் போற மாதிரி இருக்கு."

எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொய். பேராசிரியை எழுந்து வந்து என் பாதத்தைப் பார்த்தார். "நிறமெல்லாம் நல்லாத்தானே இருக்கு. கட்டும் சரியாத்தான் இருக்கு. விடுங்க, நேரம் போகுது."

"காலு அவரோடது மேடம்" என்றார் பட்டாளத்தார். "மரத்துப் போகுதுன்னா மரத்துப் போகுதுதான்." மேல்முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு குறை சொன்னால் அரை மதிப்பெண் குறையும் என்று எதிர்பார்த்தேனே தவிர, மனிதர் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார் என்று யார் கண்டது? "தம்பி, இப்ப சரியாயிடுச்சு. நல்லாருக்கு. நிஜமா நல்லாருக்கு" என்று பதறினேன்.

"எனக்காகச் சொல்லாதீங்கண்ணே." அவர் கை நிற்கவில்லை. "நல்லாருக்கு, அடுத்தவனப் பாருன்னு சொன்னவன நம்பி ரெண்டு தடவ எழுந்து போயிருக்கேன்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. எழுந்து ஓடிவிடலாமென்றால், கால் அவர் கையில் இருந்தது. பஞ்சை இரண்டு மடங்காக்கி, பலகையை விரலளவு தள்ளி வைத்து, முதலிலிருந்து கட்டினார். பேராசிரியை ஒருமுறை கைப்பேசியைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முடிச்சு பாக்கியிருக்கும்போது கைப்பேசி அலறியது.

"நேரம் முடிஞ்சு போச்சு" என்றார் பேராசிரியை.

பட்டாளத்தார் திரும்பவில்லை. கடைசி முடிச்சையும் போட்டார். என் குதிகாலை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்து, பிறகு விரலை எடுத்தார். வெளுத்த இடத்தில் இரத்தம் திரும்பி ஏறும்வரை குனிந்து பார்த்தார். "இப்ப தெரியுதாண்ணே?" என்று கேட்டுவிட்டு, அடுத்த விரலை அழுத்தினார்.