அயுத்தயாவில் செருப்பைக் கழற்றிய அன்று

பேய், பிசாசு என்றாலே சிரிக்கிற ஆள் நான். எங்கள் ஊர் தம்போயில் கார் பட்டறை வைத்திருக்கிறேன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பதுதான் என் கட்சி. நீங்களும் கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள், பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

போன பள்ளி விடுமுறையில் மனைவி சாந்தியையும் ஐந்து வயது மகள் தாரணியையும் தாய்லாந்துக்குக் கூட்டிப் போனேன். அயுத்தயா ஒரு காலத்தில் அவர்களுடைய தலைநகரமாம், இப்போது செங்கல் இடிபாடுகளும் தலையில்லாத புத்தர் சிலைகளும்தான். வாசலிலேயே சாந்தி எங்களைச் செருப்பைக் கழற்ற வைத்துவிட்டாள்.

"யாருமே கழட்டல லா, பாரு" என்றேன்.

"இடிஞ்சாலும் கோவில் கோவில்தாங்க."

உச்சி வெயில். செங்கல் தோசைக்கல்லாகக் காய்ந்தது. நாங்கள் நிழலுக்கு நிழல் குதித்துப் படம் எடுத்ததில், திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். மொழி தெரியாத ஊர், பக்கத்தில் ஆறு வேறு. எனக்கு உயிரே போய்விட்டது. சாந்தி அழுதுகொண்டே வாசல் பக்கம் ஓட, நான் "தாரணி, தாரணி" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன், கால் வெந்ததுகூடத் தெரியவில்லை.

ஒரு சுவருக்குப் பின்னால் நாய்கள் குரைத்தன. போய்ப் பார்த்தால், தெருநாய்க் கூட்டம் ஒன்று பெரிய சிலையின் பீடத்தைச் சுற்றி எகிறிக்கொண்டிருந்தது. பீடமே என் தலை உயரம். அதற்கும் மேலே, சிலையின் மடியில், என் மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லெடுத்து நாய்களை விரட்டினேன். அவளை விளிம்புக்கு நகரச் சொல்லி, எட்டி வாங்கி அணைத்துக்கொண்டபோது வந்த நிம்மதியில் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

"எப்படிம்மா மேல ஏறுன?"

"நான் ஏறலப்பா. கால் சுடுதுன்னு அழுதேன், பின்னாலேர்ந்து தூக்கி வச்சாங்க."

"யாரு?"

"பாக்கல. கை சில்லுனு இருந்துச்சு."

சுற்றிப் பார்க்க வந்த யாரோ தூக்கி வைத்திருப்பார்கள் என்று சாந்தியிடம் சொன்னேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பிள்ளை கிடைத்துவிட்டாள், இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு லேசாகிவிடுகிறது.

ஆனால் ஒன்று. அறைக்குத் திரும்பி அவள் கவுனைக் கழற்றியபோது, முதுகுப் பக்கம் செங்கல் நிறத்தில் ஒரே ஒரு கைத்தடம், விரல் விரலாக. எத்தனை துவைத்தும் போகவில்லை. நம்பினால் நம்புங்கள், ஊருக்கு வந்த பிறகு யாரும் இல்லாத நேரம் பார்த்து என் கையை அதன்மேல் விரித்து வைத்தேன். ஸ்பானர் பிடித்துக் காய்த்த கை, சின்னக் கை இல்லை. என் விரல்களைச் சுற்றிலும் அந்தத் தடம் வெளியே தெரிந்தது.