தீனாளின் டம்ளர்

வெளிநாட்டில், டூங்கபி என்னும் ஊரில், மகள் வீட்டுச் சமையலறையில் இன்று காலை ஊரிலிருந்து நான் கொண்டுவந்திருந்த பழைய எவர்சில்வர் டம்ளர் என் கை தவறி விழுந்து நசுங்கி உருண்டது. அந்தச் சத்தத்தில் பாளையங்கோட்டைக் கோயில் வராந்தாவும் அதன் புதுச் சுண்ணாம்பு வாசனையும் திரும்பி வந்தன.

அன்று ஞாயிறு பள்ளியில் வேத வினாப் போட்டி. எனக்கு எட்டு வயது, லேயாள் அக்காவுக்குப் பத்து.

"யாக்கோபுக்கு எத்தனை பிள்ளைங்க?" உபதேசியார் மூக்குப்பொடி விரலால் வேதாகமத்தைத் தட்டினார்.

"பதிமூணு," என்றாள் அக்கா.

"பன்னிரண்டு கோத்திரம்னு படிக்கலையாட்டி?"

"தீனாள் அவரு மகதான ஐயா? பொம்பளப்பிள்ளைன்னா கணக்குல கிடையாதா?"

"இஸ்ரவேல் வம்சத்தையே திருத்த வந்துட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து என்னைக் கேட்டார். வீட்டு ஜெபத்தில் தீனாள் வரும் அதிகாரத்தை நானும்தான் வாசித்திருந்தேன். ஆனால் மேசைமேல் பரிசு டம்ளர் மின்னியது. "பன்னிரண்டு" என்றேன். டம்ளர் எனக்குக் கிடைத்தது. அக்கா வீடுவரை அழுதுகொண்டே வந்தாள்.

பின்னாளில் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பிரிவில் இருந்தேன். மகள்களின் பெயரை விட்ட மனுக்களை விதி எண் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்புவதில் எனக்குப் பெயர் உண்டு. டம்ளரை மட்டும் திருப்பித் தரவில்லை.

மத்தியானம் பக்கத்து ஊரான வெஸ்ட்மீடிலிருந்து அக்கா வந்தாள். நசுங்கிய டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

"இது உனக்குள்ளது, அக்கா."

"அறுபது வருஷமாச்சுல. இப்பவாவது ஃபைல் நகர்ந்துச்சே!"

சிரித்துக்கொண்டே காபியைக் குடித்தாள். பிறகு டம்ளரைக் கழுவித் துடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.