மூன்று கூடைத் தக்காளி

“என் கண்ணைக் கட்டிட்டு ஒரு தக்காளியை வாயில வைங்க. இயற்கையா, உள்ளூரா, மருந்தடிச்சதான்னு பல்லு படுறதுக்குள்ள சொல்றேன். தப்பாச் சொன்னா கடையைப் பூட்டிடறேன்.”

காய்கறிக் கடைக்காரர் இப்படி அறிவித்துப் பதினொரு வருடங்கள் ஆகின்றன. யாரும் கண்ணைக் கட்டவில்லை. வியாபார நேரத்தில் துணி தேடி யார் அலைவது? ஆனால் தெரு அவருக்கு ‘நாக்கு’ என்று பெயர் வைத்துவிட்டது. கடை வாசலில் மூன்று கூடைகள்: இயற்கை, உள்ளூர், சாதா. வருகிறவர்கள் எதில் கை வைத்தாலும், நாக்கு கண்ணை மூடி, பக்கத்துக் கூடைக்காக ஒரு பெருமூச்சு விடுவார். அவர்களும் குழம்பிப்போய் மூன்றிலும் கால் கிலோ வாங்கிப் போவார்கள்.

போன மாதம் அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பன்னிரண்டு நாளாக எதைக் கொடுத்தாலும், “மண்ணு மாதிரி இருக்குங்க” என்று தட்டைத் தள்ளினாள். இப்படியே போனால் எழுந்து நடமாட மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு மதியம், மூன்று கூடைகளிலும் லேசாக நசுங்கியவற்றை ஒரே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். படுத்தபடியே பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. ஜன்னல் திரை ஒருமுறை உப்பி அடங்கியது.

“புளிக்குதுங்க.” அவள் கண் கலங்கியது. “அப்புறம் கொஞ்சம் இனிக்குது. நாளைக்கும் இதே கொண்டாங்க.”

“எது?”

“என்னைக் கேட்டா? நாக்கு நீங்கதானே.”

பாதியைத் தட்டில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

நாக்கு கண்ணை மூடி அந்தப் பாதியைக் கடித்தார். வாய்க்குள் மழை பெய்தது. எந்த ஊர் மழை என்று சொல்லவில்லை. மூடுபனியில் ஒரு லாரி நிதானமாக நகர்ந்தது; எங்கே கிளம்பியது என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் பாத்தி ஓரம் முதுகைக் காட்டி நின்றார். தோளில் இருந்தது மருந்து டப்பாவா, வெறும் துண்டா? அவர் திரும்புவதற்குள் தக்காளி தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை மூன்று கூடைகளுக்கும் முன்னால் வெகுநேரம் நின்றார். தராசில் இருந்த மச்சான் கேட்டான்.

“அக்காவுக்கு எது மாமா?”

நாக்கு கண்ணை மூடினார். பெருமூச்சு விட்டார்.

“மூணுலயும் கால் கிலோ போடு மாப்ள. தனித்தனிக் கவர்ல.” பிறகு, குரலைத் தாழ்த்தி: “எது எதுன்னு மேல எழுதிடு.”