ஸ்கூட்டரில் ஒட்டிய பட்டம்

என் மனைவியின் பழைய ஸ்கூட்டருக்கு நானே பெயிண்ட் அடிப்பதாகச் சொன்னபோது, "மெக்கானிக்கிட்ட குடுங்க, வம்பு வேண்டாம்" என்றாள். நான் கேட்கவில்லை. லோத்குண்டாவில் எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்டேன். போன சங்கராந்தியன்று நீல பெயிண்டை ஸ்ப்ரே செய்து முடித்தபோது வண்டி புதுசுபோல் மின்னியது. ஒரு தூசி விழக்கூடாதென்று பக்கத்திலேயே காவல் நின்றேன்.

மொட்டைமாடியில் அவள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தாள். பட்டப் போட்டியில் எதிர்வீட்டுக்காரர் அவள் நூலை அறுத்துவிட்டார். அவளுடைய சிவப்புப் பட்டம் சுழன்று வந்து, ஈர பெயிண்டில் குப்புற ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓடிவந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பட்டத்தைப் பிய்க்கப் போனேன்.

"ஐயோ, நக்கோ, வேண்டாம்! கை வைக்காதீங்க. இப்பதான் இது என் வண்டி!"

மூங்கில் குச்சிகளை மட்டும் அவளே மெல்ல உருவினாள். காய்ந்ததும் காகிதத்தின்மேல் நிறமில்லாத கிளியர் கோட் அடித்தேன். இப்போது சிக்னலில் நின்றால், எங்கே பெயிண்ட் அடித்தது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அவள் பெருமையாக என்னைக் காட்டுகிறாள்.

இந்தச் சங்கராந்திக்கு என் பைக்குக்கும் பெயிண்ட் அடித்து, ஈரம் காயுமுன் வாசல் நடுவில் நிறுத்திவிட்டு, மொட்டைமாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த அவளைப் பார்த்துக் கத்தினேன்:

"இந்தத் தடவையும் நீ தோத்துடும்மா!"