பெயரில்லாத ஆயிரத்து எண்ணூறு எண்கள்

முடிச்சூரில் வந்து சாமுண்டீஸ்வரி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். 'பிளட் அக்கா வீடு' என்று கேட்டுப் பாருங்கள், தண்ணீர் கேன் போடுகிறவர்கூட வண்டியை நிறுத்தாமலே கையைக் காட்டிவிட்டுப் போவார். அந்த வீட்டு வாசலில் போர்டு கிடையாது. சங்கம் கிடையாது, செயலாளர் கிடையாது, மாலை மரியாதையோடு எடுத்த ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குள் ஓர் எக்செல் பட்டியல் இருந்தது.

சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சாமுண்டீஸ்வரி கிளார்க். தாம்பரம் சுற்று வட்டாரத்தில் யாருக்காவது அவசரமாக ரத்தம் வேண்டுமென்றால் அவருக்குப் போன் வரும். பட்டியலைத் திறந்து அந்த ரத்த வகையைத் தேடுவார். கடைசியாகக் கொடுத்த தேதியிலிருந்து போதிய மாதங்கள் ஆகிவிட்டனவா என்று பார்ப்பார். ஆகியிருந்தால் எண்ணைச் சுழற்றுவார். செய்வது அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள் இருபத்திரண்டு வருஷம் அடங்கிவிட்டது.

இது தொடங்கியது இரண்டாயிரத்து மூன்றில், அவருடைய பிரசவத்தில். ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், கையிருப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கணவர் தயாளன் சட்டைப் பட்டன்கூட ஒழுங்காகப் போடாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி, அங்கே நின்றிருந்த ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கத்திக் கேட்டார். பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர் மட்டும் இறங்கினார். "எனக்கு ஓ நெகட்டிவ்தான் சார். ஒருவாட்டி ஆக்ஸிடென்ட்ல அடிபட்டப்போ டாக்டரு சொல்லிக்கீறாரு" என்றார். கொடுத்துவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, மறுபடி பல்லாவரம் சவாரிக்குப் போய்விட்டார். பெயர் பொன்னுசாமி. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத செல்போன் எண்ணைத் தயாளனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகள் ஜெயஸ்ரீயை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு நோட்டு வாங்கிவரச் சொல்லி, முதல் வரியில் சாமுண்டீஸ்வரி எழுதியது அந்தப் பெயரைத்தான்.

நோட்டு வளர்ந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியபோது நோட்டும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, நானூறு சொச்சம் பெயரைக் காப்பாற்றினார். அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் வாங்கி மாடியில் வைத்தார்கள். "இனிமே எந்தத் தண்ணியும் இதத் தொட முடியாது" என்றார். தண்ணீர் தொடவில்லை, அது உண்மைதான்.

இந்த மே மாதம் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வேலை செய்துகொண்டே இருக்கும், பட்டென்று அணையும், தானாக எழுந்திருக்கும். சில நாள் நீலத்திரை காட்டி இங்கிலீஷில் வருத்தம் தெரிவிக்கும். நம் வீடுகளில் நடக்கிற வைத்தியம் எல்லாம் அதற்கும் நடந்தது. எதிர்வீட்டு உதயா வைரஸ் என்றார். அதைக் கேட்டு இரண்டு ஆன்ட்டிவைரஸ் போட்டதில், ஓடுகிற மாதிரி இருந்தது ஊர்கிற மாதிரி ஆயிற்று. கண் பட்டிருக்கும் என்று சாமுண்டீஸ்வரி மானிட்டரில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டினார். அது காய்ந்து சுருங்கியதுதான் மிச்சம்.

ஒரு சாயங்காலம் மாடம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு புதுப் பெயரை ஏற்றிவிட்டு, சேமிக்கும் பட்டனை அழுத்தினார். திரை இருண்டது. மறுபடி உயிர் வந்தபோது பட்டியல் திறக்கவில்லை. ஃபைல் கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்று இரண்டு வரி வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் ஒரு நகல் எடுப்பவர்தான் அவர். ஆனால் அதை அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைத்திருந்தார். பீரோவின் மாற்றுச் சாவியை அந்தப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் எப்படி, அப்படி. அந்த டி டிரைவே இப்போது கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை குரோம்பேட்டையிலிருந்து ஒரு போன், ஏ நெகட்டிவ் வேண்டுமென்று. ஊரப்பாக்கம் ஏகநாதன் நினைவுக்கு வந்தார், எண்ணும் செல்போனில் இருந்தது, அந்தத் தடவை சாமுண்டீஸ்வரி தப்பித்தார். மத்தியானம் இன்னொரு போன், பி நெகட்டிவ். சாமுண்டீஸ்வரி கண்ணை மூடி யோசித்தார். முகம் ஒன்று ஞாபகம் வந்தது, பெயர் வரவில்லை. "வேற யாரையாவது கேளுங்கப்பா, என்கிட்ட இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டு போனை வைத்தவர், அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்திவிட்டார். இத்தனை வருஷத்தில் 'இல்லை' என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் ஃபரா வந்தாள். மேற்குத் தாம்பரத்தில் கணவரோடு சேர்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவள். ஸ்கூட்டியில் ஸ்க்ரூ டிரைவர் பையோடு வீடு வீடாகப் போவது அவள்தான். அவளும் பட்டியலில் இருக்கிறவள், இரண்டு தடவை ரத்தம் கொடுத்திருக்கிறாள்.

பெட்டியைத் திறந்து தூசி ஊதினாள். மெமரிக் கார்டைப் பிடுங்கி, ரப்பரால் அதன் காலைத் துடைத்துச் செருகினாள். அப்புறம் கம்ப்யூட்டர் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைத் திறந்து பார்த்தவள், ஒரு காகிதத்தில் நேரமாகக் குறித்துக்கொண்டே போனாள். ஆறு நாற்பது. ஏழு ஐந்து. ஆறு ஐம்பது.

"அக்கா, இது வைரஸ் இல்ல. வைரஸுக்குச் சாயங்காலம், காலைன்னு எல்லாம் தெரியாது. இது சொல்லி வச்ச மாதிரி ஆறரைக்கு மேலதான் அணையுது. நான் இருந்து பாத்துட்டுப் போறேன்."

உட்கார்ந்தாள். சாமுண்டீஸ்வரி கேசரி கிளறினார். ஆறரை தாண்டியது. தெருவில் வீட்டுக்கு வீடு ஏசி ஓட ஆரம்பித்ததும் டியூப்லைட் மங்கியது. கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் அணைந்தது.

ஃபரா மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஃபேஸ் மாற்றும் திருகுக் குமிழில் கை வைத்தபடி தயாளன் நின்றிருந்தார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வருகிற மூன்று ஃபேஸில் ஒன்றில் வோல்டேஜ் குறைந்தால், குமிழைத் திருகி அடுத்ததற்கு மாற்றிக்கொள்வோம். வெயில் காலத்தில் வீட்டு ஆம்பளைகளுக்கு அது ஒரு உத்தியோகம். தயாளன் மறைமலைநகர்த் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அதை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

"இப்ப என்ன அங்கிள் பண்ணீங்க?"

"வோல்டேஜ் கம்மியாயிடுச்சும்மா. மேல அவ கம்ப்யூட்டர்ல இருக்கா. லோ வோல்டேஜ் அதுக்கு ஆகாதுல்ல, அதான் நல்ல ஃபேஸுக்கு மாத்தி விட்டேன்."

"மாத்தும்போது ஒரு செகண்ட் கரண்ட் போயிட்டு வருதே அங்கிள்."

"அதுக்குத்தான் யூபிஎஸ் இருக்கே" என்று சொல்ல வாயெடுத்த தயாளன், பாதியிலேயே நிறுத்திவிட்டார். பேட்டரி வயதாகி அந்த யூபிஎஸ் 'பீங் பீங்' என்று கத்திக்கொண்டே இருந்ததால், மனைவியின் தூக்கம் கெடுகிறதே என்று, இந்த மாதத் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் பிளக்கை அதிலிருந்து பிடுங்கி நேராகச் சுவரில் மாட்டியவரும் அவர்தான். மேசைக்கடியில் இருந்த யூபிஎஸ்ஸின் மேல் ஒரு துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஆக, திருஷ்டியும் இல்லை, வைரஸும் இல்லை. மனைவியின் கம்ப்யூட்டர் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் தினமும் சாயங்காலம் பொறுப்பாக எழுந்து போய் அதன் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? "ஒரு வார்த்தை என்னக் கேட்டீங்களா?" என்றார். தயாளன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "உனக்காகத்தான் சாமு செஞ்சேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்தால் எவ்வளவு நேரம்தான் கோபப்பட முடியும்? கேசரியில் ஒரு கிண்ணம் அவருக்கும் போயிற்று. முந்திரிதான் கொஞ்சம் குறைவு.

ஃபரா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து வந்தபோது அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

"டி டிரைவ் போச்சுக்கா, அதுல ஒண்ணும் தேறல. ஆனா கெட்டுப்போன அந்த ஃபைலப் பிரிச்சுப் பாத்தேன். எக்செல்ங்கிறது ஒரே பேப்பர் இல்ல, பல பேப்பர் போட்ட ஒரு கவர். எழுத்தெல்லாம் ஒரு பேப்பர்ல இருக்கும், நம்பரெல்லாம் இன்னொண்ணுல. சேவ் ஆகும்போது கரண்ட் போனதுல எழுத்து இருந்த பேப்பர் வெறும் வெள்ளையா ஆயிடுச்சு. நம்பர் முழுசா இருக்கு."

திறந்து காட்டினாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு வரிசை. பத்து இலக்க செல்போன் எண்கள், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதிகள். பெயர் இருந்த கட்டம் காலி. ஊர் காலி. ரத்த வகையும் காலி.

ஃபரா கீழே நகர்த்திக்கொண்டே போய் ஒரு வரிசையில் நிறுத்தினாள். "இது என் நம்பர்" என்று சொல்லி, தானே அடித்தாள்: ஃபரா, மேற்குத் தாம்பரம், ஏ பாசிட்டிவ். "ஒண்ணு ஆச்சுக்கா. மிச்சம் எல்லாரும் போன் பண்ணா எடுப்பாங்கல்ல?"

பட்டியலின் ஒரு நகலைத் தன் கடைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டாள். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாள். போகிறபோது ஃபேஸ் குமிழின் மேல் குறுக்கே ஒரு டேப் ஒட்டி, 'அக்காவைக் கேட்டுவிட்டு' என்று பேனாவால் எழுதிவிட்டுப் போனாள். தயாளன் அந்த டேப்புக்குக் காட்டிய மரியாதையைக் குன்றத்தூர் முருகனுக்குக்கூடக் காட்டியிருப்பாரா, சந்தேகம்தான்.

பள்ளிக்கூட விடுமுறை இன்னும் மூன்று வாரம் இருந்தது. தயாளன் எண்ணை வாசிப்பார், சாமுண்டீஸ்வரி சுழற்றுவார். பேச்சு எப்படித் தொடங்குவது என்று அவர் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். 'மன்னிக்கணும், என் பட்டியலில் உங்கள் பெயர் அழிந்துவிட்டது' என்று. அதைச் சொல்ல யாரும் விட்டால்தானே?

"அக்கா, எந்த ஆஸ்பத்திரி?" என்றார் தினகரன் என்பவர். ஏதோ கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. "தாலி கட்டி முடிச்சதும் கிளம்பிடறேன், அரை மணி நேரம் தாங்குமா?" வேதசிரோமணி என்கிற டீச்சர், "எனக்குப் போன மாசம் மஞ்சள்காமாலை, இப்ப கொடுக்கக் கூடாது, தம்பி எழிலை அனுப்பட்டுமா?" என்று கேட்டார். தூங்கி எழுந்த குரலில் ஒருவர், பெயரைக் கேட்டதற்கு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். ரத்தம் வேண்டாம், பெயர் மட்டும் சொன்னால் போதும் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த பி நெகட்டிவ் முகத்தின் பெயர் நாலாம் நாள் கிடைத்தது. கோகிலவாணி. "இனிமே மறக்க மாட்டேன்மா" என்றார் சாமுண்டீஸ்வரி. அவர் எதைச் சொல்கிறார் என்று கோகிலவாணிக்கு விளங்கியிருக்காது.

போனை வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் சாமுண்டீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொள்வார். இத்தனை நாள் தான் ஊருக்கு ஏதோ செய்துகொண்டிருப்பதாக ஒரு நினைப்பு அவருக்கு மனசின் ஓரத்தில் இருந்தது. கேட்பதற்கு முன்பே செருப்பை மாட்டுகிற இத்தனை பேர் தன்னை நம்பிக் கிடக்கிறார்களே, இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தயாளனிடம் கேட்டார்.

"நீங்க ஃபேஸ மாத்தாம இருந்தா, இவங்களயெல்லாம் நான் இப்படிக் கூப்பிட்டே இருக்க மாட்டேன்" என்று ஒரு நாள் சொன்னபோது, தயாளனுக்குப் போன உயிர் வந்தது.

முதல் வரிசையை மட்டும் சாமுண்டீஸ்வரி தாண்டித் தாண்டிப் போனார். மற்ற வரிசைகள் நிரம்ப நிரம்ப அந்த ஒரு கட்டம் காலியாகவே இருந்தது.

"அது பொன்னுசாமி நம்பர்தானே, உனக்குத் தெரியுமே. பேரை அடிச்சுட வேண்டியதுதானே" என்றார் தயாளன்.

தெரியும். அந்த வரிசையின் கடைசித் தேதியும் தெரியும். பொன்னுசாமி இருபத்தெட்டுத் தடவை கொடுத்தவர். எந்த ஆஸ்பத்திரி என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டதில்லை. அறுபத்தைந்து வயதுக்கு மேல் ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்பதால் மூன்று வருஷத்துக்கு முன்பு அவரைக் கூப்பிடுவது நின்றது. நின்றது நின்றதுதான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. என்னை உயிரோடு எழுப்பி உட்காரவைத்த மனுஷனை, இனி உதவ மாட்டார் என்றதும் விட்டுவிட்டேனே என்று நினைக்கும்போதெல்லாம் சாமுண்டீஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. பெயரைத் தானே அடித்துவிடுவது சுலபம். ஆனால் மற்ற அத்தனை பேரிடமும் கேட்டுவிட்டு, அவரிடம் மட்டும் கேட்காமல் விடுவதா?

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு வந்து அந்த எண்ணைச் சுழற்றினார். ஆறேழு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். பின்னால் ரயில் சத்தம்.

"இன்னாம்மா, எந்த ஆஸ்பத்திரி?" குரல் தளர்ந்திருந்தது, கேள்வி அதேதான். "ஆனா எனக்கு அறுபத்தெட்டு ஆவுதும்மா. எடுத்துக்குவாங்களா, தெர்ல. கேட்டுப் பாரு. எடுத்துக்குவாங்கன்னா இதோ கெளம்பிக்கினே கீறேன்."

தயாளன் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். சாமுண்டீஸ்வரி வாங்கவில்லை.

"ரத்தம் வேணாம்ணா. உங்க பேர் மட்டும் சொல்லுங்க, போதும்."

"எம் பேரா? அது இன்னாத்துக்கும்மா, உனக்குத் தெரியாததா?"

"தெரியும்ணா. நீங்க சொல்லிக் கேக்கணும்."

பொன்னுசாமி, ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று சொல்கிறவரைப்போல நிதானமாகச் சொன்னார்: "பொன்னுசாமி. ஊரு ஊரப்பாக்கம். ஓ நெகட்டிவ்." ஒரு மூச்சு விட்டுவிட்டு, "எழுதிக்கினியாம்மா? வயசாயிடுச்சின்னு பேர அடிச்சிட மாட்டியே?" என்று கேட்டார்.

"மாட்டேண்ணா" என்று சொல்லிக்கொண்டே சாமுண்டீஸ்வரி முதல் வரிசையில் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தார்.